எட்டாவது புகை

அம்மா இப்போதுதான் தூங்கினாள் அண்ணா, அதனால்தான் அவள் போனை நான் எடுத்தேன்.

கூப்பிடாதீர்கள், எழுதியே பேசலாம். மணி அடித்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் அவ்வளவுதான், விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுத உட்கார்ந்தால் எனக்குப் பரீட்சைத் தமிழ் வந்துவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டை விரலால் தட்டுகிறேன். எழுத்து வேறு மாறி மாறி விழுகிறது. குளிர்தான்.

"யாரு, வாண்டா? நீ இன்னும் தூங்கலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாண்டுதான். பதினாறு வயதாகியும் வாண்டுதான். சின்ன வயதில், விண்வெளி சிக்னல் பிடிக்கும் உங்கள் டிஷ்ஷுக்குக் கீழே நான் தொலைந்துபோய், நீங்கள் டார்ச் அடித்துத் தேடிப் பிடித்து, பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தீர்களே, அன்றைக்கு வைத்த பெயர். அந்தப் பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் விண்வெளி வண்டிக்கு இது கடைசி ராத்திரி. ஞாபகத்துக்கு ஒரு படம் வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் நிலையத்துப் பழைய டிஸ்க்கைக் கிளறியிருக்கிறீர்கள். அதில் ஒரு படத்தில், வண்டி சுற்றிவரும் கோளின் நிலவு ஒன்றின் விளிம்பில், வெள்ளையாக ஒரு இழை எழும்பி நிற்கிறது. அதே படம் ஆபீஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. இரண்டில் எது சரி, வண்டியை நிறுத்தணுமா என்று அம்மாவிடம் கேட்கிறீர்கள். அம்மாவின் குழுத் தலைவரிடம் கேட்டதற்கு அவர், "படம்னா அந்தம்மா சொல்றதுதான் கடைசி வார்த்தை, அவங்களையே கேளுய்யா" என்று சொல்லிவிட்டார்.

முறை அதுதான். அம்மா போனிலிருந்து "நிறுத்து" என்று ஒரு சொல் வந்தால் நீங்கள் அந்தக் கட்டளையை மேலே அனுப்புவீர்கள். வராவிட்டால், ஏற்கெனவே சொல்லிவைத்தபடி வண்டி தன் இன்ஜினைத் திருப்பி, அந்தப் பெரிய கோளுக்குள் விழுந்து எரிந்துபோகும். இங்கிருந்து கிளம்பும் சொல் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் உங்களுக்கு அவசரம். புரிகிறது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது அண்ணா. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பாதியில் ஆரம்பித்தால் கண்டபடி அர்த்தமாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது, தெரியுமா? அம்மா நிறைமாத வயிற்றோடு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கப் போய், மொட்டை வெயிலில் நின்று, கைதட்டி, கைதட்டிய கையோடு வலி எடுத்து, அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது முந்திக்கொண்டது, நான் பிந்திக்கொண்டேன். அதனால் எங்கள் வீட்டில் வண்டிக்குப் பெயர் மூத்தவன். சித்தி வந்தால் இதை வைத்தே ஓட்டுவாள். "உங்கம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்கடி. ஒண்ணு மேல சுத்துது, இன்னொண்ணு அவளையே சுத்துது."

மூத்தவன் போய்ச் சேர ஏழு வருஷம் ஆனது. அதுவரை அம்மா ஓரளவு வீட்டில் இருந்தாள். எனக்கு ஜடை போட்டுவிட்டாள், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், ஒருதடவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேக் செய்து அடுப்பையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. பிறகு மூத்தவன் போய்ச் சேர்ந்தான், முதல் படம் அனுப்பினான், அதோடு சரி. அவன் பேசும் நேரம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். அவன் விடியற்காலையில் பேசினால் எங்களுக்குச் சாப்பாடு நடுராத்திரியில். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், குறை சொல்லக் கூடாது. ஒரு கை என் நெற்றியில், இன்னொரு கை கீபோர்டில். எடுக்க வேண்டியிருந்தால் முதலில் எடுப்பது நெற்றியில் இருந்த கையை.

பள்ளி ஆண்டு விழாவில் எனக்கு மர வேஷம். வசனம் கிடையாது, அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாதி நாடகத்தில் போன் வந்தது. மூத்தவன் ஏதோ கோளாறாகிக் கண்ணை மூடிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டானாம். அம்மா குனிந்தபடியே ஓடினாள். நான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மரம் அழக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார், அதனால் அழவில்லை. கிளைகளெல்லாம் நன்றாக இருந்தன என்று பிறகு எல்லோரும் பாராட்டினார்கள்.

இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான் பொறாமைப்படுகிற ரகம் இல்லை அண்ணா. ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

"சரி வாண்டு, கதை அப்புறம் கேக்கறேன், அந்தப் படம் என்னாச்சு?" என்று அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

போன வருஷம் அம்மா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். என் பிறந்தநாள் அன்று, எனக்கு வாங்கிய கேக்கை ஆபீஸிலேயே மறந்து வைத்துவிட்டு வந்து, அந்தக் குற்ற உணர்ச்சியில் கொடுத்தது. "அவனுக்கு எரிபொருள் தீரப்போகுதுடி. அவன் கதை முடிஞ்சதும் நான் முழுசா உன் ஆளு. ஒரு வருஷம் லீவு. நீ கடைசி வருஷம் படிக்கறப்போ நான் வீட்ல இருப்பேன். காலையில எழுந்தா நான் இருப்பேன், ராத்திரி படுத்தா நான் இருப்பேன், உனக்கே சலிச்சுப்போயிடும் பாரு."

எனக்குச் சலிக்காது என்றேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றாள்.

ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. அந்த வெள்ளை நிலவு. நீங்களெல்லாம் முட்டை என்று கூப்பிடுவீர்களே, அதே முட்டை. அதன் ஓட்டுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, வெடிப்பு வழியாக எப்போதாவது ஆவி பீறிட்டுக்கொண்டு மேலே வரும் என்பது அம்மாவின் கட்சி. இல்லவே இல்லை என்பது மற்றவர்கள் கட்சி. கடைசிச் சுற்றுப் படங்களில் ஒன்றிலாவது அந்த ஆவி தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் சொட்டு எரிபொருளை வைத்துக்கொண்டு மூத்தவன் மறுபடி மறுபடி அதன்மேல் பறப்பான். இன்னும் மூன்று வருஷம். அம்மா கட்டுப்பாட்டு அறைக்கே குடிபோய்விடுவாள். நான் சித்தி வீட்டுக்கு. தெரியாவிட்டால், முட்டையின்மேல் தெரியாத்தனமாக விழுந்து நம் ஊர்க் கிருமியைக் கொட்டிவிடாமல் இருக்க, அவனைக் கோளுக்குள் தள்ளிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். யார்மேலும் தப்புச் சொல்ல முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு ஆவியைப் பார்த்தேன் என்று சொல்லி, அது கேமராக் கண்ணாடியில் பட்ட வெயில் என்று ஆனது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் அம்மாவின் பக்கத்து மேஜைக்காரர் காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "மேடம், இதுலேயும் ஆவி வருது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்." அம்மா சிரித்துவிடுவாள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு குளியலறையில் ரொம்ப நேரம் இருப்பாள்.

அதனால்தான் கடைசிச் சுற்றுக்குத் தலைவர் கள்ளன் வைக்கச் சொன்னார். டிஷ் வேலையில் இருக்கும் உங்களுக்கு இது அவ்வளவு தெரிந்திருக்காது, சொல்கிறேன். ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும் என்பது அவர்கள் பயம். அதனால் ஒரு ஆள் யாருக்கும் தெரியாமல் சில படங்களில் பொய்யான ஆவியை வரைந்து வைப்பான். அவன்தான் கள்ளன். தொடாத அசல் படங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பூட்டிய பெட்டியில் இருக்கும், சாவி அவனிடம். மற்றவர்கள் எது நிஜம், எது கள்ளப் புகை என்று தெரியாமலே தேடிக் குறித்துவைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து, குறித்த ஒவ்வொன்றையும் காட்டி, "இது உன்னுதா?" என்று கள்ளனைக் கேட்பார்கள். "என்னுது" என்றால் தூக்கிப் போடு. "என்னுது இல்லை" என்றால், அம்மாடி, அது நிஜம்.

கள்ளன் குழுவில் இருக்கக் கூடாது. முடிவு எப்படி வந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும். பள்ளி விட்டதும் அம்மாவுக்காக ஆபீஸ் வரவேற்பறையில் காத்துக்கிடக்கிறவள் நான் ஒருத்திதான். தலைவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "இவளுக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. இவளைவிட நல்ல கள்ளன் எங்கே கிடைப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எவ்வளவு படித்தவர்கள் அண்ணா அந்த அறையில். அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யூனிஃபார்மோடு போய், காப்பி மெஷினுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, புகை வரைவேன். அதற்கென்றே ஒரு தூரிகை செய்து கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு பொத்தான். ஒன்று "போடு". விளிம்பில் விசிறி மாதிரி மெல்லிசாகப் புகை எழும்பும். இன்னொன்று "எடு". பிடிக்காவிட்டால் அதை அழுத்தினால், பக்கத்துப் படத்து இருட்டை எடுத்து அழகாகப் பூசி, ஒன்றுமே நடக்காத மாதிரி செய்துவிடும். அழித்த இடம் எனக்கே தெரியாது.

"இரு இரு" என்கிறீர்கள். "நீ வரைஞ்சது ஆபீஸ் படத்துல. என் டிஸ்க்குல இருக்கறது டிஷ்லேருந்து நேரா வந்தது. அதுல நீ கை வைக்கவே முடியாதே வாண்டு?"

ஆமாம். கை வைக்க முடியாது. நீங்கள் வேகமாகப் பிடித்துக்கொண்டீர்கள். ஆபீஸில் யாருமே உங்கள் டிஸ்க்கைப் பற்றி நினைக்கவில்லை, நான் உள்பட. அதில் இருப்பது கோடும் புள்ளியுமாக, இன்னும் சுத்தம் செய்து குளிப்பாட்டாத படங்கள், அவற்றை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஞாபகத்துக்கு ஒன்று வேண்டும் என்று உங்களுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"அம்மாவை எழுப்பு. இப்பவே எழுப்பு. நேரம் போயிட்டிருக்கு."

சரி அண்ணா. கோபப்படாதீர்கள், நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டதே இல்லை. எழுப்புகிறேன். மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தாள், எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். லைனிலேயே இருங்கள். அம்மாவே உங்களுக்கு எழுதுவாள்.

வந்துவிட்டேன். நான்தான்.

இருபது தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன், குட்டி நாய் மாதிரி முனகிக்கொண்டே இருந்தது. பாவம் நீங்கள்.

அம்மா அறைவரைக்கும் போனேன், பொய் சொல்லவில்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது. படுக்கப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடியறதுக்கு முன்னாடி எழுப்பிடுடி. அவன் கடைசியாப் பேசறப்போ நான் கேட்டுட்டு இருக்கணும்" என்றாள். எழுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அலாரத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் போர்வைக்கு வெளியே. எவ்வளவு நாளாயிற்று அம்மா இப்படித் தூங்கி. எழுப்ப யாருக்காவது மனசு வருமா சொல்லுங்கள். போர்வையைச் சரிசெய்தேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு மேடையில் ஏறி உட்கார்ந்து, உங்கள் நிலையத்தின் கடிகாரம் எண்ணிக்கொண்டு வருவதை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிறுத்து" என்பது நாலே எழுத்து. அம்மா போன் என் வசம்தான் இருந்தது. நடுவில் ஒருதடவை போய் எடுத்து விரலைக்கூட வைத்தேன்.

நீங்கள் அவள் சொல்லாமல் அனுப்பமாட்டீர்கள் என்று தெரியும். முறை தவறாத ஆள் நீங்கள். அதனால்தான் சின்ன வயதிலிருந்தே எனக்கு உங்களைப் பிடிக்கும். தலைவரைத் திரும்பவும் கூப்பிட்டிருப்பீர்கள், அவரும் பழைய பாட்டையே பாடியிருப்பார்.

இப்போது உங்கள் திரையில் நேரம் முடிந்துவிட்டது, இல்லையா? இனி நீங்கள் என்ன அனுப்பினாலும் அது போய்ச் சேரும்போது கேட்க அங்கே ஆள் இருக்காது. வெளிச்சத்தைவிட வேகமாக எதுவும் போகாது, அதை அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆக, இனி நிதானமாகவே பேசலாம். முழுசாகச் சொல்கிறேன்.

நான் ஏழு புகை வைத்தேன். அம்மா எட்டைக் கண்டுபிடித்தாள்.

பெட்டி திறக்கும் கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், குறித்தவற்றை என் அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். என்னுது, என்னுது, இதுவும் என்னுது, இதை இவ்வளவு மோசமாகவா வரைந்தேன், என்னுது. எட்டாவதைத் திறந்தேன். அது என்னுது இல்லை.

எப்படிச் சொல்வது. என்னுடையது ஏழும் புகை மாதிரி இருந்தன. இது எதைப்போலவும் இல்லை, அதுவாகவே இருந்தது. அடியில் ஊசி மாதிரி கிளம்பி, நடுவில் லேசாக வளைந்து, மேலே போகப்போக இருட்டோடு கலந்து, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெளியே காப்பி மெஷின் சத்தம் போட்டது. பக்கத்து மேஜைக்காரர் யாரிடமோ பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் அந்தத் தண்ணீர் இருப்பது உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் காலில் பள்ளி ஷூ. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் அம்மாவைக் கூப்பிடத்தான் எழுந்தேன், நம்புங்கள்.

கதவுவரை போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எட்டுல ஒண்ணே ஒண்ணு நிஜமா இருந்தாப் போதும்ப்பா. நான் இன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன்."

எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அறைக்குக் குடிபோகிற பெட்டி.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பூட்டிய பெட்டியைத் திறந்து அசல் படத்தை எடுத்தேன். தூரிகையில் இரண்டாவது பொத்தானை அழுத்தினேன். எடு. அவ்வளவுதான், ஒரு மூச்சுவிடும் நேரம். சுத்தமான விளிம்பு, கறுப்பு வானம். அசலில் இல்லாவிட்டால் அது கள்ளன் வைத்ததாகத்தானே ஆகும். பெட்டியைப் பூட்டிவிட்டுப் போய் நானும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கூட்டம். தலைவர் ஒவ்வொரு படமாகத் திரையில் போட்டார். "இது உன்னுதா?" என்னுது. "இது?" என்னுது. எல்லோருக்கும் உற்சாகம், ஒவ்வொரு தடவையும் "ஐயோ" என்று ஒரு கோரஸ். எட்டாவது வந்தபோது அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "இதுவும் உன்னுதா கள்ளி?" என்றார் தலைவர்.

"என்னுது" என்றேன்.

அப்புறம் கைதட்டினார்கள் அண்ணா. கள்ளன் வைத்தது எட்டு, அம்மா பிடித்தது எட்டு. ஒன்றுகூட விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கூட எழுந்து நின்று, "மேடம், உங்க கண்ணு கண்ணுதான். என்ன பண்றது, முட்டையிலதான் ஒண்ணும் இல்ல" என்று கை கொடுத்தார். அம்மா எல்லோருக்கும் நன்றி சொன்னாள். வண்டியைக் கோளுக்குள் தள்ளலாம் என்பதற்குக் கையைத் தூக்கச் சொன்னபோது முதலில் கையைத் தூக்கியவளும் அவள்தான். அது அவள் குணம்.

வீட்டுக்கு வந்தோம். படிக்கட்டில் ஏறும்போது அம்மா திடீரென்று நின்று என்னைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள், என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாளே, அப்படி இல்லை. "அந்த எட்டாவதை எப்படிடி வரைஞ்ச? அந்த வளைவு, அது மேலே போய்க் கரையற அழகு. பதினாறு வருஷமா நான் கனவு கண்டது அப்படியே இருந்துச்சு. நான் அதை நிஜம்னே நம்பிட்டேன்."

"சும்மா தோணுச்சு" என்றேன்.

"சும்மா தோணாதுடி அதெல்லாம். உனக்குள்ள என் கண்ணு இருக்கு" என்று சொல்லி, படிக்கட்டிலேயே வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாடி வீட்டு மாமி மூட்டையோடு இறங்க வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் விடவில்லை.

அதற்கப்புறம் வீட்டில்தான் இருக்கிறாள். சொன்னபடியே. ஜடை போடும் வயது எனக்குத் தாண்டிவிட்டது, இருந்தாலும் போட்டுவிடுகிறாள். கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சில நாள் நடுவில் நிறுத்திவிட்டு, "நான் பழசுல பாத்ததெல்லாம்கூட வெறும் ஆசையாத்தான் இருந்திருக்கும்ல?" என்று கேட்பாள். ஆமாம்மா என்று சொல்வேன். எதிர்த்துப் பேசினால் வீணாக வருத்தப்படுவாள். இத்தனை வருஷமாக எழுதியதையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டில் அடியில் தள்ளிவிட்டாள். குழாய்ச் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை, அதுவும் நாளாக நாளாகச் சரியாகிவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். முட்டை அங்கேயேதான் இருக்கிறது. ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். வேறு யாராவது வேறு வண்டி அனுப்பிப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வேறு அம்மா அனுப்பமாட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். குளிர் என்று சொன்னது பொய். அந்த டிஸ்க்கை என்ன செய்வதென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தாலும் எப்படியும் மூத்தவன் திரும்பி வரமாட்டான். வேறு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதை அழித்துவிட்டால் மிச்சமிருப்பது எங்கள் வீட்டில் இருக்கும் ஒன்றுதான். அதுவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன். அந்த எட்டாவதை அம்மா பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்தில், "என் பொண்ணு வரைஞ்சது." வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுகிறாள். தினமும் பால் எடுக்கப் போகும்போது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த வளைவை, மேலே போய்க் கரைவதைப் பார்த்துக்கொண்டு.

ஒருதடவை வீட்டுக்கு வந்து பாருங்கள் அண்ணா. நன்றாகவே வரைந்திருக்கிறேன்.